படிக்கட்டில் எட்டுப் பேர்

என் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பஸ், கரண்ட், சுகர் தவிர அதிகம் வார்த்தைகள் தெரியாது. ஆனால் எழுபது வருடத்துக்கு முன்னால் ஹாலிவுட்டில் எடுத்த ஒரு பாட்டுப் படத்தில் ஆடியவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பது அத்துப்படி. யாருக்கு முட்டி தேய்ந்தது, யார் மூன்று கல்யாணம் செய்துகொண்டாள், யார் கடைசிக் காலத்தில் மரச்சாமான் கடை வைத்தான், எல்லாம் சொல்வாள். அவளுக்குச் சொன்னது நான்தான். அதில் பாதிதான் உண்மை.

நான் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். அம்மா சூலூரில் தனியாக இருக்கிறாள். அப்பா போன பிறகு அன்னூர்த் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவளே பார்த்துப் பிடித்த வீடு அது. முன்பக்கத்து இரண்டு அறைகளில் தறி ஓட்டும் புருஷனும் பெண்டாட்டியும் வாடகைக்கு இருக்கிறார்கள். தெரு முழுக்கத் தறிக்கூடங்கள். கரண்ட் இருக்கும்வரை அந்தச் சத்தம் நிற்காது. கரண்ட் போனால்தான் சத்தம் இருந்ததே தெரியும். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவேன்.

கண்புரை ஆபரேஷன் முடிந்து கண் தெளிந்ததும் அம்மாவுக்குப் பொழுது போகவில்லை. சீரியல் பிடிக்கவில்லை. "எப்பப் பாரு எல்லாரும் அழுதுபோட்டே இருக்கறாங்க கண்ணு. நாம அழுதது பத்தாதா?" என்றாள். அதனால் இந்தப் படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய் டிவியில் மாட்டிவிட்டேன். பாஷை தெரியாவிட்டாலும் ஆட்டம் பார்க்கலாமே என்றுதான் கொண்டுபோனதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது பொய். என் அக்காவும் நானும் சின்ன வயதில் தோட்டத்து வீட்டில் பார்த்த படம் அது. ஷூவுக்கு அடியில் இரும்புத் தகடு அடித்து டக்டக்கென்று ஆடுவார்கள். மறுநாளே அக்கா சோடா மூடிகளைத் தட்டையாக்கி ரப்பர் செருப்பின் அடியில் ஆணி வைத்து அடித்துக்கொண்டு, கடலைக்காய் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் ஆடினாள். ஆணி பொத்துக்கொண்டு வந்து உள்ளங்கால் கிழிந்தது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக்கொண்டே சிரித்தாள். அந்த அக்காவின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி அப்போது இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.

முதல் ஞாயிறு படம் முடிந்ததும் அம்மா கேட்டாள்: "அந்தக் குடை புடிச்சுட்டு ஆடுனானே, அந்தத் தம்பி இப்ப எங்க இருக்கறான்?"

ஃபோனில் தேடிப் பார்த்தேன். கதாநாயகன் இருபது வருடம் ஆடி, முட்டி இரண்டும் போய், பிறகு மற்றவர்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்து, தள்ளாத வயதில் இறந்திருந்தான். அப்படியே சொன்னேன். அம்மா எழுந்து டிவியை அணைத்துவிட்டு நேராகப் பாத்ரூமுக்குப் போய்ச் சொம்பு சொம்பாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். எங்கள் பக்கம் உறவில் சாவுச் செய்தி கேட்டால் செய்கிற காரியம்.

"ஏனுங்கம்மா, அவன் நமக்கு என்ன பங்காளியா?" என்று கத்தினேன். நான் கொஞ்சம் கோபக்காரி.

"ரெண்டு மணி நேரமா நம்மூட்டுல ஆடிட்டிருந்தானல்லோ? ஒறம்பரைதான், சொந்தந்தான்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அதோடு விட்டாளா? பையை எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வாரேனுங்கம்மா" என்றேன். ஈரத் தலையோடு ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வாரேன்' என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போக வேண்டும். சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை அதே காரியமாக வர வேண்டியிருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். ஆக, எவனோ ஒரு வெள்ளைக்காரன் எப்போதோ செத்ததற்காக நான் பெற்ற தாயிடம் சொல்லிக்கொள்ளாமல் திருடி மாதிரி வாசல் இறங்கினேன்.

அடுத்த வாரம் கதாநாயகி. அதற்கடுத்த வாரம், கதாநாயகிக்குப் பின்னாலிருந்து பாடியவள். அந்தக் காலத்தில் அங்கே வாயசைத்தவள்தான் பாடினாள் என்று ஊரை நம்ப வைப்பார்களாம். பாடியவள் பெயரைப் படத்தில் போட மாட்டார்களாம். இன்னொருத்தி முகத்துக்குப் பின்னாலேயே அவள் தொழில் முடிந்துபோனது. "நம்மூர்ல பேராச்சும் போடுவாங்க," என்று அம்மா வருத்தப்பட்டாள். முகமே தெரியாத அவளுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். குரல் கேட்டோமே, அது போதுமாம். காமெடி செய்தவனுக்குப் பட வாய்ப்பு நின்று, சோப்பு விளம்பரத்தில் வந்து, அப்புறம் மரச்சாமான் கடை வைத்தான். அவனுக்கும் ஊற்றிக்கொண்டாள். மார்கழிக் குளிரில் இருமல் பிடித்தது. வாரத்துக்கு ஒரு சாவுக்கு மேல் சொல்வதில்லை என்று நானே ரேஷன் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு தப்பு செய்தேன். கதாநாயகியின் தோழியாக வரும் நெட்டைக்காரி இறந்துவிட்டாள் என்று நான் சொல்ல, அம்மா ஊற்றிக்கொண்டும் விட்டாள். வாரத்துக்குள் இன்னொரு பக்கம் படித்தால், செத்தது அதே பெயருள்ள வேறொருத்தி. நெட்டைக்காரி தொண்ணூறு தாண்டியும் மேடையில் வந்து கையை வீசிக் காட்டுகிறாள். மறைத்திருக்கலாம். டீச்சர் புத்தி, திருத்தாமல் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"உசுரோட இருக்கறவளுக்கா தல முழுகிப்போட்டேன்?"

"அதனால என்னங்கம்மா? பொய்யா சாவுச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்கல்ல?"

"அப்படித்தான் சொல்லுவாங்க." வெகுநேரம் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நெசமாவே கெட்டியா இருக்குமா கண்ணு?"

அவள் நெட்டைக்காரியைக் கேட்கவில்லை என்று எனக்கு உடனே தெரிந்துபோயிற்று.

அக்கா இருபத்தொரு வயதில் வீட்டை விட்டுப் போனாள். பையன் எங்கள் தோட்டத்தில் இரண்டு தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பம். ஐ.டி.ஐ. படித்து லேத் வேலை பழகியவன். ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இரண்டு பேரும் ஓசூரில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று தெரிந்த அன்று காலை, அப்பா எங்களையெல்லாம் கிணற்றடித் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார். "இன்னியில இருந்து எனக்கு ஒரே புள்ள," என்றார். முதலில் அவர் ஊற்றிக்கொண்டார். பிறகு அம்மா. பிறகு நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்காது.

கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்ததும் நானாகத்தான் அக்காவைத் தேடிப் பிடித்தேன். ஞாயிறு காலை, சூலூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஃபோன் பேசுவோம். "அம்மா கேட்டாளா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். "இல்ல" என்பேன். "சரி உடு," என்று சிரிப்பாள்.

நெட்டைக்காரி விஷயம் நடந்ததற்கு அடுத்த ஞாயிறு அம்மா திரையைத் தொட்டுக் காட்டினாள். "இந்த மஞ்சப் பாவாடைக்காரி என்ன ஆனா?"

படத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் படிக்கட்டு வரும். எட்டுப் பெண்கள் வரிசையாக இறங்கி, கடைசிப் படியில் எட்டுப் பேரும் வலப்பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும். இடமிருந்து மூன்றாவதாக, மஞ்சள் கவுன் போட்டவள் மட்டும் திரும்ப மாட்டாள். நேராக நம்மைப் பார்ப்பாள். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். ஆட்டத்தில் அது பிழை. ஏனோ வெட்டாமல் விட்டிருந்தார்கள். களத்தில் ஆடும்போது அக்காவும் அந்தப் பிழையைச் சேர்த்தே ஆடுவாள், "அதுதான் நல்லா இருக்குது" என்று.

தேடினேன். கூட்டத்தில் ஆடியவர்களுக்குப் படத்திலேயே பெயர் கிடையாது. பழைய படப் பைத்தியங்கள் தயாரித்த ஒரு பட்டியலில் ஏழு பேருக்குப் பெயர் கண்டுபிடித்திருந்தார்கள். இவளுக்கு நேராக 'தெரியவில்லை' என்று இருந்தது. இதற்கு முன்னாலும் படம் இல்லை, பின்னாலும் இல்லை.

"தெரியல" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படத்தோட ஆட்டத்த உட்டுட்டாங்கம்மா," என்றேன். "கல்யாணம் பண்ணிட்டு வேற ஊருக்குப் போய்ட்டாங்க. ஊட்டுக்காரருக்கு லேத் வேல. இப்ப சொந்தமா ஒரு பட்டறை வெச்சிருக்கறாங்க."

அம்மா திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கொழந்தைக?"

"ஒரு பொண்ணு. நர்சிங் படிக்குது."

"அடிகிடி அடிக்கறானா அவன்?"

"இல்லீங்கம்மா. தங்கமான மனுசன்."

"ம்," என்றாள். எழுந்துபோய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அதில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்கு இதுதான் பேச்சு. கதாநாயகனைக் கேட்க நாதியில்லை. மஞ்சள் பாவாடைக்காரி தையல் மெஷின் வாங்கியது, அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்கு வண்டி நிறுத்தும் இடத்தில் டான்ஸ் சொல்லித் தருவது, அவளுக்கும் சுகர் வந்தது, எல்லாம் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. காலையில் ஓசூரில் கேட்டதைச் சாயங்காலம் ஹாலிவுட்டில் வைத்துச் சொல்வேன். ஒருநாளும் நாங்கள் இரண்டு பேரும் அக்கா என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. எழுபது வருடத்துக்கு முன்னால் ஆடியவள் மகள் இப்போது எப்படி நர்சிங் படிக்கிறாள் என்று அம்மா கேட்கவில்லை. அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. படிக்கட்டுக் காட்சி வந்தபோது அம்மா திடீரென்று, "அவ கால்ல என்ன கண்ணு?" என்றாள்.

"எவ?"

"அவதான். எடது காலை இழுக்கறா பாரு."

நான் அப்படியொன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவும் இல்லை. அன்று காலை அக்கா பேசும்போது வழக்கம்போலத்தான் சிரித்தாள். ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். எட்டுப் பேர் இறங்கினார்கள். வெளியே தறிச் சத்தமும் அவர்கள் கால் சத்தமும் ஒன்றாக விழுந்தன. மூன்றாவதாக வந்தவள் இடது காலை ஒரு நூல் தாமதமாக வைத்த மாதிரி இருந்தது. எப்போதும் அப்படித்தான் வைப்பாளோ என்னவோ. நான் அதற்கு முன்னால் அவள் காலைப் பார்த்ததில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள். "மத்தியானம்தான் மெஷின் பெடல்ல இடிச்சுக்கிட்டேன். சின்னக் காயம்தான்."

ஒண்டிப்புதூர் வரும்வரை என் கை ஃபோனைப் பிடித்தபடியே இருந்தது. கையில் மயிர் சிலிர்த்திருந்ததை டிக்கெட் கேட்ட கண்டக்டர் பார்த்துவிட்டு, "குளுருதுங்களா?" என்றார்.

காயம் ஆறவில்லை. சுகர்க்காரி காலில் பட்டது எங்கே சீக்கிரம் ஆறும்? நான் அம்மாவிடம் அதையும் மஞ்சள் பாவாடைக்காரியின் கணக்கில் சொன்னேன். இரண்டு ஞாயிறு கேட்டுக்கொண்டாள். மூன்றாவது ஞாயிறு, நான் பையைத் தோளில் மாட்டும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அவ இந்தப் பக்கமெல்லாம் வருவாளா? வந்தா ஊட்டுக்கு ஒரு எட்டு வரச் சொல்லு. பொங்கலுக்கு வந்தாலும் செரி. நான் என்னத்த சொல்லிப் போடப் போறேன்."

தெருவில் இறங்கியதும் முதல் திருப்பத்திலேயே நின்று அக்காவுக்குச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். "கட்டுப் பிரிச்சதும் வாரேன்னு சொல்லு," என்றாள். "பொங்கல் வரைக்கும் எதுக்கு? கட்டுப் பிரிச்சதும் வாரேன்."

நான் நடுரோட்டில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கட்டுப் பிரிக்கவில்லை. காய்ச்சல் வந்தது. காலிலிருந்த விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அத்தான் ஃபோன் செய்து, "போய்ட்டாளுங்க" என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்கு ஃபோன் போட விரல் வரவில்லை. ஞாயிறு வரை நேரம் இருக்கிறதே என்று என்னை ஏமாற்றிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் கைப்பிடி மண் போட்டேன். அவள் மகள் என் தோளில் சாய்ந்து, "அம்மா பக்கத்துச் சொந்தம்னு ஒருத்தரும் எனக்கு வந்ததில்ல சித்தி, நீங்க மட்டும்தான்," என்றது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

ஞாயிறு சூலூர் போனேன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் கூட்டிக் கழித்தும் ஒன்றும் வரவில்லை. கேட்டருகிலேயே முன்பக்கம் குடியிருக்கும் தறிக்காரம்மா பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அம்மாளுக்குச் சளி புடிச்சிருக்குதுங்க. சொன்னாக் கேக்கறதில்லீங்க. வெயாழக்கெழம மத்தியானம் கரண்ட் இல்லாத நேரத்துல, தொட்டித் தண்ணிய மொண்டு மொண்டு தலைக்கு ஊத்திக்கிட்டாங்க. ஏனுங்கம்மான்னு கேட்டதுக்குப் பேசவே இல்லீங்க."

"எத்தன மணிக்குங்க?"

"மூணு மணிக்கு மேல இருக்குமுங்க. எங்கூட்டுக்காரரு ஷிப்ட் மாத்தற நேரம்."

யாராவது ஃபோன் செய்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே போனதும் அம்மாவின் பட்டன் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். வந்த அழைப்புகள் எல்லாம் என்னுடையவை. வியாழக்கிழமை ஒன்றுமே இல்லை. எங்களையும் ஓசூரையும் சேர்த்துத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் யாரும் கிடையாது. கரண்ட் இல்லை என்றால் டிவியும் ஓடியிருக்காது.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி பின்னாமல் முதுகில் கிடந்தது. டிவி அணைந்திருந்தது.

"படம் போடட்டுங்களா?" என்றேன். வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லத் துப்பில்லாதவள் வேறு என்ன செய்வாள்?

பதிலுக்குக் காத்திராமல் ரிமோட்டை எடுத்தேன். போட்டேன். நேராகப் படிக்கட்டுக்கு ஓட்டினேன். வெள்ளைப் படிகள். எட்டுப் பேர். மஞ்சள் கவுன் மூன்றாவதாக இறங்கினாள். காலை இழுக்கவில்லை. கடைசிப் படி வந்தது.

எட்டுப் பேரும் வலப்பக்கம் திரும்பினார்கள்.

மஞ்சள் கவுனும்தான். கண் எரிச்சலாக இருக்கலாம், மூன்று நாள் தூக்கம் இல்லை, எந்த இடத்தில் பார்க்க வேண்டுமோ அந்த இடத்தில் கண்ணை மூடித் திறந்திருக்கலாம். எல்லாம் இருக்கலாம். திருப்பி ஓட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பென் டிரைவ் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சப் பாவாடைக்காரி எப்படி இருக்கறா?"

"நல்லா இருக்கறாங்கம்மா," என்றேன். குரல் எனக்கே வேறொருத்தி பின்னாலிருந்து பேசுவது போலக் கேட்டது. "கட்டுப் பிரிச்சதும் வாரேன்னாங்க."

அம்மா தலையை ஆட்டினாள். எழுந்துபோய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். குடித்தேன். சர்க்கரை போட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் கண்டிப்பாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே பையை எடுத்தேன். வாசல்படியில் செருப்பு மாட்டும்போது பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"போய்ட்டு வாரேனுங்க..."

அம்மாவின் உள்ளங்கை என் வாயின் மேல் வந்து விழுந்தது. குளிர்ந்து கிடந்தது.

"சொல்லிக்காமப் போ கண்ணு," என்றாள்.